‘தா’ என்னும் சொல்: கிறித்தவ நெறியில் தருதலும் பெறுதலும்

 

கிறித்து பிறப்பு விழாவை ஒட்டி நிகழும் இக்கூட்டத்தில் ‘கிறித்தவ நெறியில் கொடை’ என்னும் பொருள் குறித்து உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். தலைப்பில் ஒரு சிறு சேர்க்கைக்கு இசைவு வேண்டினேன். கொடையைப் போற்றும் பாடல்களும் நூல்களும் நம்மிடம் மிகுதியாக உள்ளன. பெறுதலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தருவதினும் பெறுவது அரிது என்பதை நான் ஒரு மூதாட்டியிடம் கற்றேன். அதனை இவ்வுரையின் இறுதியிற் கூறுவேன். முதலில் இலக்கணத்திலிருந்து தொடங்குகின்றேன். தமிழாசிரியர்க்கு அது தொட்டிற் பழக்கம்.

மூன்று சொற்கள்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றை வேண்டும்போது வழங்கும் சொற்களாகக் காட்டுகின்றார். கேட்பவன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’ என்பான். ஒத்தவனாயின் ‘தா’ என்பான். உயர்ந்தவனாயின் ‘கொடு’ என்பான். கை மாறும் பண்டம் ஒன்றே. ஆயினும் வாயிலிருந்து வரும் சொல், கேட்பவர்க்கும் கேட்கப்படுபவர்க்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வை அளந்து காட்டிவிடுகின்றது. கொடை என்பது பண்டத்தைப் பொறுத்த செய்தி மட்டுமன்று, இருவர் நிற்கும் நிலையையும் பொறுத்தது என்பதை இதனினும் சுருங்கச் சொல்லிவிட முடியாது.

இனி, கிறித்தவர் நாள்தோறும் சொல்லும் இறைவேண்டலை நோக்குவோம். இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டு அது. அன்றாட உணவை இறைவனிடம் வேண்டும் இடத்தில், தமிழ் வழக்கில் அமைந்துள்ள வினை ‘தாரும்’ என்பதாகும். தொல்காப்பிய நெறிப்படி நோக்கின், இறைவன்முன் நிற்கும் மனிதன் ‘ஈ’ என்றல்லவா இரக்க வேண்டும்? மொழிபெயர்த்தோர் நூற்பாவை எண்ணியே இச்சொல்லைத் தேர்ந்தனர் என்று வாதிட நான் வரவில்லை. அவர்தம் காலத்திற்குப் பன்னெடு நாள் முன்னரே அம்மூன்று சொற்களின் வேறுபாடு மங்கிவிட்டது. ஆயினும், வாய்த்த சொல் பொருத்தமாகவே வாய்த்தது. அம்மன்றாட்டு இறைவனைத் தந்தை என்று விளித்தே தொடங்குகின்றது. அடுக்களையில் தாயிடம் சோறு கேட்கும் பிள்ளை இரவலனாய் நிற்பதில்லை, உரிமையுடையவனாய் நிற்கின்றான். கிறித்தவக் கொடையின் அடித்தளம் இவ்வுரிமையே என்பது என் கருத்து. தருபவரும் பெறுபவரும் ஒரே தந்தையின் இல்லத்தில் பிள்ளைகளாயின், அவர்களிடையே வழங்கத்தக்க சொல் ‘தா’ ஒன்றே.

கிணற்றடியில் ஒரு வேண்டுகோள்

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகின்றது. நண்பகல் நேரம். வழிநடைக் களைப்போடு இயேசு சமாரியா நாட்டில் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்திருக்கின்றார். தண்ணீர் மொள்ள ஒரு பெண் வருகின்றாள். யூதர்கள் சமாரியரோடு உறவு கலவாத காலம் அது. அப்பெண்ணிடம் அவர் தண்ணீர் கேட்கின்றார். சீர்திருத்தத் திருச்சபையார் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பில் இங்கும் அவர் வாயில் அமைந்த வினை ‘தா’ என்பதே.

அப்பெண் வியந்து போகின்றாள். யூதராகிய நீர் சமாரியப் பெண்ணாகிய என்னிடம் கேட்பது எங்ஙனம் என்று வினவுகின்றாள்.  அதன் பின்னரே, என்றும் வற்றாத உயிருள்ள தண்ணீரைத் தாம் தரவல்லவர் என்பதை அவர் வெளிப்படுத்துகின்றார். இவ்வரிசை முறையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். முதலில் வேண்டுவோராய் அமர்ந்தார். பின்னரே வழங்குவோராய் வெளிப்பட்டார். ‘நான் தரப் பிறந்தவன், நீ பெறப் பிறந்தவள்’ என்னும் தோரணை அங்கு இல்லை. அவளிடமும் தருவதற்கு ஒன்று உண்டு என்பதை அவளுக்கு உணர்த்தியதே அவர் அவளுக்கு வழங்கிய முதற் கொடை எனலாம்.

இதன் மறுபக்கத்தையும் அதே நற்செய்தி காட்டுகின்றது. இறுதி இராவுணவின்போது இயேசு சீடர்களின் கால்களைக் கழுவ முற்பட, பேதுரு கால்களைத் தர மறுக்கின்றார். பணிவினால் மறுத்ததாகவே நமக்குத் தோன்றும். ஆனால், கழுவுவதற்கு இசையாவிடின் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று ஆசிரியர் கண்டிப்பாகக் கூறிவிடுகின்றார். பெற மறுப்பதும் ஒருவகைச் செருக்கே என்பது இதனாற் பெறப்படுகின்றது.

முகம் காணாத கொடை

தமிழிலக்கியம் பயின்றார்க்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 208ஆம் பாடல் நினைவுக்கு வராமற் போகாது. பரிசில் வேண்டி அதியமான் நெடுமான் அஞ்சியிடம் செல்கின்றார் பெருஞ்சித்திரனார். அவனோ புலவரை நேரிற் காணாமல், பொருளைக் கொடுத்தனுப்பி, கொண்டு செல்க என்கின்றான். குன்றும் மலையும் கடந்து வந்த புலவர் அப்பொருளைக் கொள்ளவில்லை. தாம் வாணிகம் செய்ய வந்தவர் அல்லர் என்றும், தம் தகுதியறிந்து தருவதாயின் தினையளவே எனினும் இனிது என்றும் பாடி நீங்குகின்றார். வறுமையில் உழன்ற புலவர் அவர் என்பதை அவருடைய பிற பாடல்கள் காட்டும். அத்தகையவர் மறுத்தது பொருளையன்று. முகம் காணாமையை மறுத்தார்.

இக்குரலை நம் பனைநாட்டு மைந்தர் ஒருவர் 1910ஆம் ஆண்டில் கடல் கடந்த நாட்டில் எழுப்பினார். திருச்செந்தூர்ப் பகுதியில் உள்ள வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களையே குறிப்பிடுகின்றேன். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் அவர். அதற்கு ஈராண்டுகள் முன்னர், எடின்பரோ நகரில் உலக நற்செய்திப் பணியாளர் மாநாடு கூடிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேராளர் கூடிய அவையில் ஆசியர் மிகச் சிலரே. அவ்வவையில் நின்று, மேலைநாட்டுத் தொண்டர்கள் இந்தியர்க்காகச் செய்த ஈகங்களையெல்லாம் அசரியா நன்றியோடு எண்ணிக் கூறினார். உடைமைகளையும் உயிரையும் வழங்கினீர்கள் என்று புகழ்ந்தார். இறுதியில், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவையினர் பலர்க்கு அச்சொல் முள்ளாய்த் தைத்தது.

பள்ளிகள் கிடைத்தன, மருத்துவமனைகள் கிடைத்தன, அச்சுப்பொறி கிடைத்தது. இவற்றின் நன்மையை மறுப்பவர் நன்றி மறந்தவராவர். ஆயினும், மேலிருந்து கீழே நீளும் கையில் தோழமை இல்லையே என்பதே அசரியாவின் வருத்தம். பெருஞ்சித்திரனாரும் அசரியாவும் காலத்தாலும் சமயத்தாலும் மிக விலகியவர்கள். ஆனால் இருவரும் கேட்டது ஒன்றையே: எம் முகத்தைக் கண்டு தருக.

இதனோடு சேர்த்து மற்றொன்றையும் இவ்வவையில் வெளிப்படையாகக் கூறுவது என் கடமை. சமயத்தின் பெயரால் வழங்கும் கொடையைத் தூண்டிலாகப் பயன்படுத்துவார் உளர் என்னும் குறைகூறல் நெடுங்காலமாக உண்டு. எவரேனும் அங்ஙனம் செய்வாராயின், அவர் தம் ஆண்டவரின் சொல்லையே மீறியவராவர். இலவயமாகப் பெற்றதை இலவயமாகவே வழங்குமாறு அவர் சீடர்க்குக் கட்டளையிட்டார். எதிர்நோக்கோடு கொடுப்பதற்கு விலை என்று பெயர். கொடை என்று பெயரன்று.

அளவறிந்த அன்பு

முகமறிந்த கொடை எத்தன்மையது என்பதற்கு விவிலியத்தில் நான் பெரிதும் விரும்பும் எடுத்துக்காட்டு ஒரு சிறு சட்டை. பிள்ளையில்லாது வருந்திய அன்னாள், தவமிருந்து பெற்ற மகன் சாமுவேலைப் பால்மறந்த பருவத்திலேயே சீலோவிலுள்ள ஆண்டவரின் இல்லத்தில் ஒப்படைத்துவிடுகின்றாள். பின்னர் ஆண்டுக்கொருமுறை பலி செலுத்தச் செல்லும்போது, மகனுக்கென்று ஒரு சிறிய சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள் என்று சாமுவேலின் முதல் நூல் கூறுகின்றது. ஒரே வரியிற் சொல்லிக் கடந்துபோகும் செய்தி இது. ஆயினும் பெண்ணாகிய என்னால் கடந்துபோக இயலவில்லை. கண்முன் இல்லாத பிள்ளைக்கு எந்த அளவில் தைத்தாள்? தோள் இவ்வளவு அகன்றிருக்கும், கை இவ்வளவு நீண்டிருக்கும் என்று மனத்தாலேயே அளந்திருக்க வேண்டும். ஓராண்டு முழுதும் நினைந்தவளுக்கே அவ்வளவு தெரியும். கடையில் வாங்கும் பொருளில் பணம் இருக்கும். இத்தகைய கொடையில் நினைவு இருக்கும்.

பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதங்களில் ஊற்றிய நளதத் தைலமும் இவ்வினத்தைச் சேர்ந்தது. முந்நூறு தெனாரியம் விலைபெறும் தைலம் என்று யோவான் கூறுகின்றார். திராட்சைத் தோட்டக் கூலியாளின் ஒருநாட் கூலி ஒரு தெனாரியம் என்பது மத்தேயு நற்செய்தியால் அறியப்படும். ஆகவே, அது ஓர் உழைப்பாளியின் ஏறத்தாழ ஓராண்டு வருவாய். இதனை விற்று ஏழைகளுக்கு வழங்கியிருக்கலாமே என்று கேள்வி எழுகின்றது. கேட்டவன் நேர்மையற்றவனாயினும், கேள்வி நேர்மையானதே. இன்றும் ஆடம்பரத்தைக் காணுமிடத்து நாம் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் இயேசு அப்பெண்ணைத் தடுக்கவில்லை. தம் அடக்கத்திற்கான செயல் அது என்று கூறி ஏற்றுக்கொண்டார். இறப்பு அண்மையில் இருந்ததை உணர்ந்து தந்தவள் அவள். உணர்ந்து பெற்றவர் அவர். கணக்குப் பார்த்தவர்களுக்கு அவ்வீட்டில் நிறைந்த நறுமணம் மட்டும் எட்டிற்று, பொருள் எட்டவில்லை.

ஒப்புரவு

திருவள்ளுவர் ‘ஈகை’க்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னதாக ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரத்தையும் வைத்தார். இரண்டும் உதவியைப் பற்றியனவே. வறியார்க்கு வழங்குவது ஈகை. உலகநடை அறிந்து ஊரோடு ஒன்றி உதவி வாழ்வது ஒப்புரவு. இவ்வரிய சொல் தமிழ்க் கிறித்தவ வழக்கில் வேறொரு பொருள் பெற்று வாழ்கின்றது. பகை நீங்கி உறவாதல் என்பதே அப்பொருள். கத்தோலிக்கர் பாவமன்னிப்பு வழிபாட்டை ஒப்புரவு அருளடையாளம் என்பர். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில், மலைப்பொழிவின் ஒரு பகுதியில், காணிக்கையைப் பற்றிய இடத்திலேயே இச்சொல் அமைந்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, உடன்பிறந்தான் ஒருவனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும்; அதன் பின்னரே காணிக்கை. இறைவனுக்குரிய பொருளைக்கூட மனிதனுக்காகக் காத்திருக்க வைக்கின்ற நெறி இது.

பவுலடியார் எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து நகரத்தாரிடம் நன்கொடை கேட்டு எழுதிய பகுதியிலும் இக்கருத்தே ஒளிர்கின்றது. கிரேக்க மூலத்தில் இறையருளைக் குறிக்கும் ‘காரிஸ்’ என்னும் சொல்லையே அந்நன்கொடைக்கும் அவர் வழங்குகின்றார். முடிவில் கடவுளுக்கு நன்றி சொல்லவும் அதே சொல்லை எடுக்கின்றார். அருள், கொடை, நன்றி ஆகிய மூன்றும் ஒரு சொல்லுள் அடங்குகின்றன. இதன் நோக்கம் ஒருவர் சுமை குறைந்து மற்றவர் சுமை ஏறுவதன்று, சமநிலை உண்டாவதே என்றும் விளக்குகின்றார். இன்று உங்கள் நிறைவு அவர்தம் குறையை நிரப்பும். நாளை அவர்தம் நிறைவு உங்கள் குறையை நிரப்பும் என்பது அவர் கருத்து.

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு இவ்விறையியலை விளக்கப் புத்தகம் வேண்டுவதில்லை. உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோயிலுக்குத் தரும் பெண்களை அறிவோம். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் வாழைத்தாரும் காணிக்கையாக வந்து ஏலத்திற்குப் போவதையும், சந்தை விலையினும் பன்மடங்கு கொடுத்து அவற்றை எடுப்பதையும் கண்டிருக்கின்றோம். அவற்றுள் தலையாயது அசனம். அவரவர் இயன்றதைக் கொடுக்க, ஒரே அடுப்பில் சமைத்து, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது அசனத்தின் முறை. மூட்டை அரிசி தந்தவர்க்கும் பிடி அரிசி தந்தவர்க்கும் ஒன்றும் தர இயலாதவர்க்கும் இலையில் விழுவது ஒரே சோறு. திருமண வீட்டு மொய்யிற்குக் குறிப்பேடு உண்டு. வந்த தொகையைத் திருப்பிச் செய்யவேண்டிய கடப்பாடும் உண்டு. அதுவும் ஊர் வாழ்வைத் தாங்கும் ஒரு முறையே; இழிவாகச் சொல்லேன். ஆனால் அசனத்தில் யார் எவருக்குக் கொடுத்தார் என்று பிரித்தறிய வழியில்லை. அங்கே ஈவாரும் இல்லை, இரப்பாரும் இல்லை. உண்பார் மட்டுமே உளர்.

ஓர் ஓலைப்பெட்டி

இவற்றையெல்லாம் படித்தும் பாடம் சொல்லியும் வந்த நான், வாழ்வில் ஒருமுறை தவறினேன். முனைவர் பட்டம் பெற்ற ஆண்டில், ஊர்க் கோயிலில் எனக்காக நன்றி வழிபாடு நடத்தினர். சிலர் ஆடை போர்த்தினர். சிலர் விளக்கு வழங்கினர். மாலையில், கொல்லை வாசல் வழியாக, எங்கள் தெருவில் ஓலை முடைந்து பிழைக்கும் ஆச்சி ஒருவர் வந்தார். கையில் ஒரு பனையோலைப் பெட்டி. மூடியின்மேல் சாயமேற்றிய ஓலையால் என் பெயரை எழுத்தெழுத்தாக முடைந்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பேரன் சிலேட்டில் எழுதிக் காட்டியதை உருவம் பார்த்து முடைந்திருக்கின்றார். ஓர் எழுத்து மட்டும் இடவலமாகத் திரும்பியிருந்தது.

என் கண் முதலில் அவ்வெழுத்தில்தான் நின்றது. பிறகு அவருடைய கிழிந்த சேலையில் நின்றது. முடைய எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். “பதினஞ்சு நாளாச்சு தாயி, கண்ணு முன்ன மாதிரி இல்லை” என்றார். எனக்கு இரக்கம் மிகுந்தது. பணப்பையைத் திறந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து அவர் கையில் வைத்து மூடினேன். அவர் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “சரிம்மா” என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறன்று கோயிலில் அவருக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். காணிக்கைப் பை வந்தது. ஆச்சி சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து, நான் மடித்துக் கொடுத்த அதே மடிப்பில் இருந்த தாளை எடுத்துப் பையில் இட்டார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். பதினைந்து நாள் என்னை நினைந்து முடைந்த அன்பிற்கு நான் கூலி கொடுத்திருந்தேன். அவர் எனக்குத் தந்தார். நான் அவருக்கு ஈந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. விடுமுறையில் ஊர் சென்றபோது அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன். ஆயத்தம் செய்துகொண்டு போன சொற்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. “ஆச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க” என்றேன். அவர் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்து, “ஓர் எழுத்துத் திரும்பிப் போச்சுன்னு பேரன் சொன்னான். பெட்டியைக் கொண்டா, பிரிச்சுச் சரியா முடைஞ்சு தாரேன்” என்றார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லத்தான் என் நா எழுந்தது. அதுவும் ஒரு மறுப்பே என்று உணர்ந்து அடக்கிக்கொண்டேன். தம் கைவேலை குறையுடையதாய் என்னிடம் இருப்பதை அவர் விரும்பவில்லை. நிறைவாகத் தர விரும்பினார். மறுநாள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரத்தில் எழுத்துத் திருந்திய மூடி வந்தது. இரு கைகளையும் நீட்டி வாங்கினேன். பணப்பையை எடுத்துச் செல்லவில்லை.

அன்பர்களே! இவ்வட்டம் பத்தாண்டுகளில் எத்தனையோ பேர்க்குப் பொன்னாடை போர்த்தியிருக்கின்றது. ஒருவர் தோளிலிருந்து மடித்து, அடுத்த கூட்டத்தில் மற்றொருவர் தோளுக்குப் போகும் ஆடைகளும் அவற்றுள் உண்டு என்பதை நாம் அறிவோம். இனிவரும் ஆண்டுகளில் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கலாம். நாம் படித்து நெஞ்சில் நின்ற ஒரு நூலை, ஏன் இதனை உமக்குத் தருகின்றேன் என்று இரண்டு வரி நம் கைப்பட எழுதி, இன்னார்க்கு என்று பெயர் சுட்டித் தருவோம். பெறுபவர் படித்துவிட்டு, தாம் கண்டதைத் தந்தவரிடம் திரும்பச் சொல்லட்டும். அப்போது இருவருமே தந்தவராவர், இருவருமே பெற்றவராவர்.

வாங்குவோரினும் வழங்குவோரே பேறுபெற்றோர் என்னும் கருத்து இயேசுவின் சொல்லாகத் திருத்தூதர் பணிகள் நூலில் பதிவாகியுள்ளது. அதனை நான் மறுக்கவில்லை. அப்பேற்றை நமக்கே வைத்துக்கொள்ளாமல், எளியவர்க்கும் பங்கிட வேண்டும் என்றே கூறுகின்றேன். அவர்கள் தருவதை நாம் மகிழ்ந்து பெறும்போதுதான் அப்பேறு அவர்களுக்கும் வாய்க்கும்.